ராஸ்பெர்ரி பை மட்டும்தான் வழியா? பழைய வீடியோ கேம்களுக்கான மாற்றுப் பலகைக் கணினிகள்: ஒரு விளக்கம்

புதுதில்லி: தொண்ணூறுகளில் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து விளையாடிய வீடியோ கேம்களை மீண்டும் ஓட வைக்க, உள்ளங்கை அளவே உள்ள ஒற்றைப் பலகைக் கணினிகளை நாடுவோர் நாட்டின் பெருநகரங்களில் மட்டுமன்றிச் சிறு நகரங்களிலும் உள்ளனர். இதற்குப் பல ஆண்டுகளாக ஒரே விடையாக இருந்தது பிரிட்டனின் ராஸ்பெர்ரி பை. இன்று அதன் அருகிலேயே ஆரஞ்ச் பை, பனானா பை, ஓட்ராய்டு, ராடெக்ஸா, லீ பொட்டேட்டோ எனப் பல பெயர்களில் பலகைகள் விற்பனைக்கு வருகின்றன. அவற்றுள் சில, காகிதத்தில் பார்த்தால் ராஸ்பெர்ரி பையை விடவும் வேகமானவை. சில விலை குறைந்தவை. ஆயினும் வாங்கி வந்து மின்சாரம் கொடுத்த பிறகுதான் பலருக்கும் சிக்கல் தொடங்குகிறது. எந்தப் பலகை எதற்குப் பயன்படும், எது பயன்படாது, இந்தியச் சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பதை இங்கே பார்க்கலாம்.

தட்டுப்பாடு திறந்துவிட்ட சந்தை

ராஸ்பெர்ரி பை முதன்முதலில் 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. பள்ளி மாணவர்கள் நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆனால் தொலைக்காட்சியுடன் நேரடியாக இணைக்கக்கூடிய மலிவான கணினி என்பதால், பழைய விளையாட்டு ஆர்வலர்கள் அதனை விரைவில் தமதாக்கிக் கொண்டனர். அவர்களுக்காகவே ரெட்ரோபை போன்ற மென்பொருள் தொகுப்புகள் உருவாயின.

2021 முதல் 2023 வரை நீடித்த உலகளாவிய சிப் தட்டுப்பாடு நிலைமையை மாற்றியது. கிடைத்த பலகைகளைத் தொழிற்சாலைகளுக்கும் வணிக வாடிக்கையாளர்களுக்கும் முதலில் வழங்க ராஸ்பெர்ரி பை நிறுவனம் முடிவு செய்தது. தனிநபர்கள் அறிவிக்கப்பட்ட விலையைவிடப் பல மடங்கு கொடுத்து இடைத்தரகர்களிடம் வாங்க நேர்ந்தது. அந்த இடைவெளியில்தான் சீன, தென்கொரிய நிறுவனங்களின் பலகைகள் பரவலாகக் கவனம் பெற்றன. தட்டுப்பாடு தீர்ந்துவிட்டது, ஆனால் நினைவகச் சிப்களின் விலையேற்றத்தால் 2025 டிசம்பரில் ராஸ்பெர்ரி பை 5-இன் 4 ஜிபி மாடல் 60 டாலரிலிருந்து 70 டாலராகவும், 8 ஜிபி மாடல் 80 டாலரிலிருந்து 95 டாலராகவும் உயர்ந்தது. இந்தியாவில் இதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். மின்வழங்கி, மெமரி கார்டு, உறை, விசிறி ஆகியவற்றின் விலை தனி.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. பழைய விளையாட்டுகளுக்கு நினைவகம் அதிகம் தேவைப்படுவதில்லை. 2 ஜிபி இருந்தால் பெரும்பாலானவற்றுக்குப் போதும். 8 ஜிபி, 16 ஜிபி என்று கூடுதல் பணம் கொடுப்பதால் விளையாட்டின் வேகம் கூடிவிடாது.

ஒரு கருவி இன்னொன்றாக நடிப்பது எப்படி?

எமுலேட்டர் என்பது, ஒரு கணினியை வேறொரு கருவியைப் போல நடிக்க வைக்கும் மென்பொருள். பழைய கருவியின் சிப்புக்காக எழுதப்பட்ட ஒவ்வொரு கட்டளையையும் படித்து, புதிய சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றி நிறைவேற்றுவது அதன் வேலை. ஒவ்வொரு முறையும் வரிக்கு வரி படித்து நிறைவேற்றுவது ஒரு முறை. அடிக்கடி வரும் பகுதிகளை ஒரே தடவை மொழிமாற்றி நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதையே எடுத்து ஓட்டுவது இன்னொரு முறை. முன்னதை உடனிருந்து வாய்மொழியாகப் பெயர்த்துச் சொல்பவருக்கும், பின்னதை முன்பே எழுதி வைத்த மொழிபெயர்ப்புக்கும் ஒப்பிடலாம். இரண்டாவது முறை மிக வேகமானது. ஆனால் அதை ஒவ்வொரு வகைச் சிப்புக்கும் தனியாக எழுத வேண்டும். பலகை புதிய வகைச் சிப்பைக் கொண்டிருந்து, அதற்கான மொழிமாற்றியை எவரும் எழுதவில்லை என்றால், எவ்வளவு வேகமான சிப்பாக இருந்தாலும் விளையாட்டு திணறும். ரிஸ்க்-5 வகைச் சிப்களைக் கொண்ட பலகைகள் இன்று இந்த நோக்கத்திற்குப் பின்தங்கி நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1994 டிசம்பரில் ஜப்பானில் வெளியான முதல் பிளேஸ்டேஷனின் சிப், சுமார் 34 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. 2016-இல் வந்த ராஸ்பெர்ரி பை 3-இன் வேகம் 1.2 கிகாஹெர்ட்ஸ், அதாவது ஏறத்தாழ 35 மடங்கு. இவ்வளவு எதற்கு என்று தோன்றலாம். பழைய கருவிக்குள் முதன்மைச் சிப்புடன் படம் வரையும் சிப், ஒலிச் சிப், வட்டைப் படிக்கும் பகுதி ஆகிய அனைத்தும் ஒரே நேரத்தில் இயங்கின. எமுலேட்டர் அவை அனைத்தையும் ஒத்திசைவு பிசகாமல் தானே செய்து காட்ட வேண்டும். ஒரு நொடிக்கு 60 படங்கள் என்றால், ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பது சுமார் 16.7 மில்லி விநாடி மட்டுமே. அதற்குள் வேலை முடியாவிட்டால் முதலில் பிசிறுவது ஒலி, அடுத்து படம்.

கருவியின் வயதை மட்டும் வைத்துக் கணக்குப் போடவும் முடியாது. பிளேஸ்டேஷனுக்குச் சில நாள்கள் முன்னதாக, 1994 நவம்பரில் வெளியான சேகா சாட்டர்ன், இரண்டு முதன்மைச் சிப்களையும் பல துணைச் சிப்களையும் கொண்டது. அதன் உள் அமைப்பின் சிக்கலால், பிளேஸ்டேஷன் விளையாட்டுகள் வழுக்கிக்கொண்டு ஓடும் அதே பலகையில் சாட்டர்ன் விளையாட்டுகள் தவழும். நின்டெண்டோ 64-இன் கதையும் ஏறக்குறைய அப்படித்தான். மாறாக, பிளேஸ்டேஷனுக்கு ஆர்ம் வகைச் சிப்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்ட பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்டு என்ற எமுலேட்டர் உண்டு. விலை குறைந்த பலகையிலும் பிளேஸ்டேஷன் நன்றாக ஓடுவதன் பெருமை சிப்பைவிட அந்த நிரலாளர்களையே சேரும்.

எந்தப் பலகை எதுவரை?

நின்டெண்டோவின் 8 பிட், 16 பிட் கருவிகள், சேகா மெகா டிரைவ், கேம் பாய் ஆகியவற்றுக்கு இன்று விற்பனையில் உள்ள ஏறக்குறைய எந்தப் பலகையும் போதும். லிப்ரே கம்ப்யூட்டர் திட்டத்தின் லீ பொட்டேட்டோ இந்த வரிசையில் சொல்லத்தக்கது. அளவிலும் துளைகளின் அமைப்பிலும் ராஸ்பெர்ரி பை 3-ஐ ஒத்தது. நான்கு கார்டெக்ஸ் ஏ53 கோர்களைக் கொண்டது. பிளேஸ்டேஷன் விளையாட்டுகளையும் பெரும்பாலும் தாங்கும். ஆனால் அதில் வைஃபை, புளூடூத் இரண்டும் இல்லை. கம்பியில்லாக் கேம்பேடு பயன்படுத்த விரும்புவோர் யுஎஸ்பி டாங்கிள் ஒன்றையும் வாங்க வேண்டியிருக்கும்.

தென்கொரியாவின் ஹார்ட்கெர்னல் நிறுவனம் தயாரிக்கும் ஓட்ராய்டு பலகைகளுக்கு விளையாட்டு ஆர்வலர்களிடையே தனி மதிப்பு உண்டு. ட்ரீம்காஸ்ட், பிஎஸ்பி வரை செல்ல விரும்புவோர் நீண்ட காலம் நாடியது அதன் என்2 பிளஸ் மாடலைத்தான். இதிலும் வைஃபை உள்ளமைவாக இல்லை. மின்வழங்கியும் வழக்கமான யுஎஸ்பி வகை அல்ல, 12 வோல்ட் உருளை முனை. அந்நிறுவனம் ராக்சிப் ஆர்கே3326 சிப்பை வைத்து உருவாக்கிய ஓட்ராய்டு கோ அட்வான்ஸ் என்ற கையடக்கப் பலகையின் வழியில்தான், பின்னாளில் சீன நிறுவனங்களின் மலிவுவிலைக் கையடக்க விளையாட்டுக் கருவிகள் பல வெளிவந்தன. ஆன்பெர்னிக் ஆர்ஜி351பி அதே சிப்பைக் கொண்டதே.

இன்று அதிகம் பேசப்படுவது ராக்சிப் ஆர்கே3588 குடும்பம். ஆரஞ்ச் பை 5, ராடெக்ஸா ராக் 5பி ஆகியவை இந்த வகை. ராஸ்பெர்ரி பை 5-இல் உள்ள அதே கார்டெக்ஸ் ஏ76 கோர்கள் நான்கும், கூடுதலாக ஏ55 கோர்கள் நான்கும் இவற்றில் உள்ளன. இந்தியாவிலும் இந்த முயற்சி நடைபெறுகிறது. குஜராத் மாநிலம் சூரத்தைச் சேர்ந்த விசாரக் நிறுவனம், ராக்சிப் ஆர்கே3399 சிப்புடன், உள் சுற்றமைப்பையே மாற்றியமைத்துக்கொள்ளக்கூடிய எஃப்பிஜிஏ சிப்பையும் சேர்த்து வாமன் என்ற பலகையை உருவாக்கியுள்ளது. பழைய கருவியை மென்பொருளால் நடிக்க வைக்காமல், எஃப்பிஜிஏவின் சுற்றமைப்பாகவே வடித்தெடுக்கும் மிஸ்டர் என்ற திட்டம் உலக அளவில் புகழ்பெற்றது. ஆனால் அது டிஇ10 நானோ என்ற வேறொரு பலகைக்காக எழுதப்பட்டது என்பதால், வாமனில் அப்படியே ஓடாது.

வேகம் இருந்தும் ஓடாதது ஏன்?

மாற்றுப் பலகைகளைப் பற்றிய பெரும்பாலான ஏமாற்றங்களின் வேர் இங்கேதான் உள்ளது. கோர்களின் எண்ணிக்கையும் கிகாஹெர்ட்ஸும் விளம்பரத்தில் தெரியும். கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் டிரைவர் மென்பொருளின் நிலை தெரியாது.

ஆரஞ்ச் பை 5 போன்ற பலகைகளில் உள்ள மாலி ஜி610 கிராபிக்ஸ் சிப்பை எடுத்துக்கொள்வோம். அந்தப் பலகை 2022-இன் இறுதியில் சந்தைக்கு வந்தது. அதனுடன் கிடைத்தது, சிப் நிறுவனம் தன் தேவைக்கேற்பத் திருத்தி வைத்திருந்த 5.10 என்ற பழைய லினக்ஸ் கருவும், உள்ளே என்ன உள்ளது என்று எவரும் பார்க்க முடியாத மூடிய டிரைவரும். இதே சிப்புக்கான திறந்த மூல டிரைவரான பான்தார், லினக்ஸின் அதிகாரபூர்வக் கருவில் சேர்ந்தது 6.10 பதிப்பில், அது வெளியானது 2024 ஜூலையில். இடையில் ஒன்றரை ஆண்டுக்கும் மேல், வலிமையான சிப்பைக் கையில் வைத்திருந்தும் அதன் முழுப் பயனைப் பெற, வாங்கியவர்கள் ஆர்வலர்கள் ஒட்டுப்போட்டுத் தந்த பதிப்புகளைத் தேடித் தேடி நிறுவ வேண்டியிருந்தது. ராஸ்பெர்ரி பை வாங்குபவர் கூடுதலாகக் கொடுக்கும் தொகை உண்மையில் இதற்குத்தான்: வாங்கிய அன்றே வேலை செய்யும் மென்பொருளும், பல ஆண்டுகள் கழித்தும் வரும் புதுப்பிப்புகளும்.

ஆகவே பலகையை வாங்கும் முன் பார்க்க வேண்டியது அதன் வேகப் பட்டியலை அல்ல. படோசெரா, லக்கா போன்ற விளையாட்டுத் தொகுப்புகள் தத்தம் தளங்களில் பலகை வாரியாகத் தனித்தனிப் பதிப்புகளை வெளியிடுகின்றன. வாங்க நினைக்கும் பலகையின் பெயர், மாடல் எண் பிசகாமல், அந்தப் பட்டியலில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் உள்ளே வேறு சிப் இருக்கக்கூடும். ரெட்ரோபையைப் பொறுத்தவரை, தயார்நிலைப் பதிப்புகள் ராஸ்பெர்ரி பைக்கு மட்டுமே. ஓட்ராய்டின் சில மாடல்களில் முதலில் லினக்ஸை நிறுவி, அதன்மேல் இதனை நிறுவ வேண்டும்.

பிளேஸ்டேஷன் 2 வேண்டும் என்போருக்குப் பதில் வேறு. இந்தியாவில் பரவலாக விற்பனையான கருவி அது. ஹைதராபாத்தில் உருவாக்கப்பட்டு 2009-இல் வெளியான ‘ஹனுமான்: பாய் வாரியர்’ போன்ற உள்நாட்டு விளையாட்டுகளும் அதில் வந்தன. இன்று அந்த வட்டுகளைக் காப்பாற்றி வைக்க விரும்புவோருக்கு ஆர்ம் பலகைகள் பெரிதும் உதவா. பிசிஎஸ்எக்ஸ்2 என்ற முதன்மையான எமுலேட்டர், மேசைக் கணினிகளில் உள்ள எக்ஸ்86 வகைச் சிப்களுக்காக எழுதப்பட்டது. ஆண்ட்ராய்டுக்கு வந்த ஈத்தர்எஸ்எக்ஸ்2-இன் உருவாக்கம் 2023 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. எனவே இன்டெல் என்100 சிப் கொண்ட சிறு கணினியோ, அதே சிப்பை ராஸ்பெர்ரி பை அளவில் அடக்கிய ராடெக்ஸா எக்ஸ்4 பலகையோ பொருத்தமானது. வீட்டில் பயன்படாமல் கிடக்கும் மடிக்கணினி ஒன்று இருந்தால், புதிய பலகை எதையும் வாங்கும் முன் அதில் முயன்று பார்ப்பதே அறிவுடைமை.

சட்டம் என்ன சொல்கிறது?

எமுலேட்டர் மென்பொருளை வைத்திருப்பதோ உருவாக்குவதோ தன்னளவில் குற்றமாகக் கருதப்படுவதில்லை. சோனி நிறுவனம் கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மீது தொடர்ந்த வழக்கில், அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-இல் எமுலேட்டர் உருவாக்கியவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் 2024 மார்ச்சில், ஸ்விட்ச் கருவிக்கான யூஸூ எமுலேட்டரின் உருவாக்குநர்கள், நின்டெண்டோவுக்கு 24 லட்சம் டாலர் அளிக்க ஒப்புக்கொண்டு திட்டத்தையே மூடிவிட்டனர். இன்னும் விற்பனையில் உள்ள கருவிகளின் விஷயம் வேறு என்பதை இது காட்டுகிறது.

சிக்கல் விளையாட்டுக் கோப்புகளில்தான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52(1)(ஏஏ) பிரிவு, கணினி நிரலின் பிரதி ஒன்றைச் சட்டபூர்வமாக வைத்திருப்பவர், அது தொலைந்தாலோ சேதமடைந்தாலோ பாதுகாப்பாக இருக்கக் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள இடமளிக்கிறது. இதில் ‘சட்டபூர்வமாக’ என்ற சொல்லே முக்கியம். தொண்ணூறுகளில் இந்தியக் குடும்பங்கள் பலவற்றில் இருந்தவை அசல் நின்டெண்டோ கருவிகள் அல்ல; அவற்றின் நகல்கள். ‘9999 இன் 1’ என்று அச்சிட்ட கேட்ரிட்ஜுகளும் அப்படியே. பெட்டியில் இன்னும் பத்திரமாக வைத்திருந்தாலும், அந்த நகலை அடிப்படையாக வைத்து இந்த விலக்கைக் கோருவது கடினம். அசல் வட்டு வைத்திருப்பவரின் நிலை இதைவிட உறுதியானது.

பலகையுடன் பல்லாயிரம் விளையாட்டுகளை நிரப்பிய மெமரி கார்டைச் சேர்த்து விற்போர் இணையச் சந்தைகளில் உள்ளனர். இத்தகைய விற்பனை பதிப்புரிமை மீறல். தெரிந்தே பதிப்புரிமையை மீறுவோருக்கு 63-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். மீறல் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவோரைப் பற்றி 63பி பிரிவு தனியாகப் பேசுகிறது என்பதும் குறிப்பிடத்தக்கது. விளையாட்டுகளை விடுவோம், ஸ்நெஸ்9எக்ஸ் போன்ற இலவச எமுலேட்டர்களின் உரிமமே வணிக விற்பனையைத் தடை செய்கிறது.

தடையின்றி விளையாடவும் வழிகள் உள்ளன. 1994-இல் வெளியான ‘பினீத் எ ஸ்டீல் ஸ்கை’ விளையாட்டை அதன் உரிமையாளர்களே 2003-இல் இலவசமாக்கினர். 2004-இல் வந்த ‘கேவ் ஸ்டோரி’ தொடக்கம் முதலே இலவசம். ‘மைக்ரோ மேஜஸ்’ போல, பழைய நின்டெண்டோ கருவிக்காக இன்றும் புதிதாக எழுதப்பட்டு முறைப்படி விற்கப்படும் விளையாட்டுகளும் உண்டு.

இந்திய வீடுகளில் கவனிக்க வேண்டியவை

வெளிநாட்டு வழிகாட்டிகளில் அதிகம் காணப்படாத ஒன்று வெப்பம். ராஸ்பெர்ரி பை 80 டிகிரி செல்சியஸை எட்டியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளத் தொடங்கும். பிற பலகைகளிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. கோடையில் அறையின் வெப்பமே 38, 40 டிகிரியாக இருக்கும் ஊர்களில், மூடிய பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த பலகை அந்த எல்லையை வெகு விரைவில் தொடும். தொடக்கத்தில் சீராக ஓடிய விளையாட்டு அரை மணி நேரத்தில் தடுமாறினால், குற்றம் பெரும்பாலும் எமுலேட்டரில் இல்லை. விசிறியுடன் கூடிய உலோக உறை இங்கே ஆடம்பரம் அன்று.

அடுத்து மின்வழங்கி. ராஸ்பெர்ரி பை 4-க்கு 5 வோல்ட்டில் 3 ஆம்பியரும், ஆரஞ்ச் பை 5-க்கு 4 ஆம்பியரும் பரிந்துரைக்கப்படுகின்றன. 65 வாட் என்று எழுதிய செல்பேசிச் சார்ஜர் தாராளமாகப் போதுமே என்று நினைக்கத் தோன்றும். அந்த 65 வாட், மின்னழுத்தத்தை உயர்த்திக் கொடுக்கும்போது கிடைப்பது. 5 வோல்ட்டில் அதே சார்ஜர் பெரும்பாலும் 2 அல்லது 3 ஆம்பியருக்கு மேல் தராது. மின்னழுத்தம் குறைந்தால் ராஸ்பெர்ரி பை திரையில் எச்சரிக்கும். இத்தகைய எச்சரிக்கை எல்லாப் பலகைகளிலும் கிடையாது. காரணம் சொல்லாமல் நின்றுவிடும்.

இந்தியத் தொலைக்காட்சிகள் பின்பற்றிய பால் முறையும் நினைவில் கொள்ள வேண்டியதே. அம்முறையில் நொடிக்கு 60 படங்கள் இல்லை, 50 மட்டுமே. கிரிக்கெட் விளையாட்டுகள் இதற்கு நல்ல உதாரணம். பிரிட்டனின் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் 1995-இல் மெகா டிரைவ் கருவிக்கு வெளியிட்ட ‘பிரையன் லாரா கிரிக்கெட்’ பால் நாடுகளுக்கானது. விலை குறைந்த பலகையிலும் அது ஓடும். ஆனால் திரை 60 ஹெர்ட்ஸில் இருந்தால் பந்து விட்டுவிட்டு நகர்வது போலத் தெரியும். பலகையைக் குறை சொல்லும் முன், எச்டிஎம்ஐ வெளியீட்டை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றினால் ஓட்டம் சீராகிவிடும். பழைய குழாய்த் தொலைக்காட்சியிலேயே விளையாட விரும்புவோர், பலகையில் 3.5 மில்லிமீட்டர் ஏவி துளை உள்ளதா என்று பார்க்க வேண்டும். ராஸ்பெர்ரி பை 4-இலும் லீ பொட்டேட்டோவிலும் அது உண்டு. ராஸ்பெர்ரி பை 5-இல் நீக்கப்பட்டுவிட்டது.

கடைசியாக மின்வெட்டு. பழைய கேட்ரிட்ஜில் விளையாட்டைச் சேமித்தால், அது அப்போதே உள்ளிருக்கும் நினைவகத்தில் பதிந்துவிடும். ரெட்ரோ ஆர்ச் மென்பொருளோ, அந்தச் சேமிப்பைப் பொதுவாக விளையாட்டை விட்டு வெளியேறும்போதுதான் மெமரி கார்டில் எழுதுகிறது. இரவு முழுவதும் விளையாடி, இடையிடையே சேமித்தும் வந்த ஒருவர், வெளியேறும் முன் மின்சாரம் போனால் அத்தனையையும் இழப்பார். அதன் அமைப்புகளில், சேமிப்பைக் குறிப்பிட்ட இடைவெளியில் தானாக எழுதும் வசதி உள்ளது. அதை இயக்கி, இடைவெளியைப் பத்து விநாடியாக வைத்துவிட்டால் போதும். மின்சாரம் போகும் கணத்தில் எழுத்து நடந்துகொண்டிருந்தால் மெமரி கார்டே பழுதாகக்கூடும் என்பதால், சேமிப்புக் கோப்புகள் உள்ள கோப்புறையை மாதம் ஒருமுறையேனும் பென் டிரைவ் ஒன்றில் நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம்.